சாயம் பூசின சுண்டுவிரல்

சைக்கிள் கேரியர்ல அம்மை மருந்துப் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராச் சுத்தின என்ற அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்க மாட்டேன். போன எடத்துல ஊசி போட ஆளில்லாம நீங்க சும்மா உக்காந்திருப்பீங்கன்னு நினைச்சா எனக்கே பாவமா இருக்குது. நானும் நல்லா இல்லை. ஒரு வாரமா ஒரு எடத்துல நிலையா உக்கார முடியலை. குழம்பை அடுப்புல வெச்சுட்டு வாசலுக்குப் போயிடறேன், அது தீயுது. சாக்பீஸைக் கையில வெச்சுக்கிட்டே சாக்பீஸைத் தேடறேன். உங்க மாப்பிள்ளை, "ஏனுங் டீச்சர், யார் கூடச் சண்டை?"ங்கறார். உங்க கூடத்தான்னு சொன்னா சிரிப்பார். ஆனா அதுதான் நெசம்.

முதல்ல ஊர்ச் சேதியைச் சொல்லிடறேன், இல்லைன்னா நீங்க மேக்கொண்டு கேக்க மாட்டீங்க. நம்ம திருப்பூர் தனி மாவட்டம் ஆயிடுச்சுப்பா. கலெக்டரைப் பாக்க இனி கோயமுத்தூர் பஸ் ஏற வேண்டியதில்லை. ஆர்டர் கொறைஞ்சு போச்சுன்னு பனியன் கம்பெனிக்காரங்க பொலம்பறாங்க. கரண்டு எப்பப் போகும், எப்ப வரும்னு யாருக்கும் தெரியறதில்லை. ஆத்துல சாயத்தண்ணி உடற வழக்கு இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் கெடக்குது, நொய்யலும் தினத்துக்கு ஒரு கலர்ல ஓடுது.

அடுத்தது என்ற சேதி. ஆறாவது ஏழாவது படிக்கற புள்ளைங்களுக்குத் தடுப்பூசி எப்படி வந்ததுன்னு ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க, புத்தகம் போடற எடத்துல. ஊசின்னா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்ச உங்க பொண்ணுகிட்டப் போய்க் கேட்டிருக்காங்க பாருங்க! அம்மை குத்தறவர் மக எழுதாம வேற யாரு எழுதறதுன்னு நானும் ஜம்பமாச் சரின்னுட்டேன். அங்கதான் வந்தது வினை.

எழுத உக்காந்தா முதல்ல உங்க மொகம்தான் வருது. அம்மை குத்தறவர் வந்துட்டார்னு ஒரு சத்தம் வந்தாப் போதும், ஊரே சோளக்காட்டுக்குள்ள ஓடும்னு சொல்லுவீங்க. வட்டமா முள்ளு வெச்ச அந்தச் சின்னக் கருவி, தோல்ல வெச்சு ஒரு திருகு, உசுரு போயிட்டு வரும். ஊர்க்காரங்க பயப்படறாங்கன்னு எல்லார் முன்னாலயும் உங்க கையிலயே குத்திக் காட்டுவீங்க. அதனாலதான் உங்க எடது கை முழுக்க வடு. பெரியம்மை உலகத்தை உட்டே ஒழிஞ்சு போச்சுன்னு ரேடியோவுல சொன்ன அன்னைக்கு அம்மாவைப் பாயசம் வைக்கச் சொன்னீங்களே, அந்த இனிப்பு இன்னும் என்ற நாக்குல இருக்குது. அடுத்த மாசமே உங்களைக் கொசு மருந்து அடிக்க அனுப்பிச்சுட்டாங்க. பெருமை எல்லாம் அவ்வளவுதான்.

ஆரம்பக் கதையை எழுதினேன். இங்கிலாந்துல ஒரு கிராமத்து டாக்டர். மாட்டுக்கு வர்ற அம்மை தொத்தின பால்காரிங்களுக்குப் பெரியம்மை வர்றதில்லைன்னு ஊருக்குள்ள பேசிக்கறதை அவர் காதுல வாங்கிக்கிட்டார். அப்படி ஒரு பொண்ணோட கைப் புண்ணுல இருந்து சீழ் எடுத்து, தன்னோட தோட்டக்காரர் மகன், எட்டு வயசுப் பையன், அவன் கையில கீறி வெச்சார். கொஞ்ச நாள் போனதும் நெசமான பெரியம்மைச் சீழையே அவன் ஒடம்புல ஏத்திப் பாத்தார். அவனுக்கு ஒண்ணும் ஆகலை. முன்ன ஒரு தடவை இந்தக் கதையைக் கேட்டுட்டு, "அந்த மனுசன் ஊத்துக்குளியில பொறந்திருந்தா வெண்ணெயும் சேத்துக் கிடைச்சிருக்கும்"னு நீங்க சொன்னதையும் எழுதி, பொறவு அடிச்சுட்டேன்.

அப்புறம் அந்தக் கப்பல் கதை. ஐஸ்பெட்டி இல்லாத காலம். மருந்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோக மனுசக் கையை உட்டா வேற வழியில்லை. அனாதை விடுதிப் பையன்களைக் கப்பல்ல ஏத்தி, ஒருத்தன் கைப் புண்ணுல இருந்து அடுத்தவன் கைக்குன்னு, வெளக்குல இருந்து வெளக்கு ஏத்தற மாதிரி கொண்டு போனாங்க. எத்தனையோ ஊர் அதனால பொழைச்சது. அந்தப் பையன்கள்ல எத்தனை பேர் பொறந்த ஊரைத் திரும்பப் பாத்தாங்களோ, தெரியலை.

இதையெல்லாம் ஏழாம் வகுப்புல படிச்சுக் காட்டலாம்னு ஒரு திங்கக்கிழமை எடுத்துட்டுப் போனேன். அதுக்கு முந்தின நாள் நடந்ததைச் சொன்னாத்தான் இது புரியும்.

முந்தின நாள் ஞாயித்துக்கிழமை, போலியோ சொட்டு மருந்து நாள். டீச்சர்மாருக்கெல்லாம் டூட்டி. பகல்ல பஸ் ஸ்டாப்புல பெட்டியோட உக்காந்தோம். சாயங்காலம் நர்ஸக்காவும் நானும் விட்டுப்போன ஊடுகளைப் பாக்கக் கெளம்பினோம். சொட்டு போட்ட குழந்தைக்கு எடது சுண்டுவிரல்ல வயலட் மையில ஒரு கோடு இழுப்பாங்க. அந்தக் கோடு இருந்தாக் கதவுல சாக்பீஸ்ல குறி போட்டுட்டுப் போயிடலாம். வரிசையா ஒட்டிக் கட்டின லைன் வீடு ஒண்ணோட வாசல்ல பாண்டியம்மா நின்னுட்டிருந்தா. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வந்து சாயப்பட்டறையில வேலை பாக்கறவ. என்ற வகுப்புப் புவனாவோட அம்மா. இடுப்புல கைக்குழந்தை.

"போட்டாச்சு டீச்சர், பஸ் ஸ்டாண்டுலயே போட்டுட்டாக" அப்படின்னு குழந்தையோட விரலை அவளே தூக்கிக் காட்டினா. வயலட்டா இருந்தது. நர்ஸக்கா குறி போட்டுட்டாங்க. நானும் கன்னத்தைக் கிள்ளிட்டு வந்துட்டேன்.

மறுநாள் வகுப்புல தோட்டக்காரர் மகன் கதையைப் படிச்சேன். புள்ளைங்க வாயைப் பொளந்துட்டுக் கேட்டாங்க. முடிச்சதும் புவனா எந்திரிச்சா.

"டீச்சர், அந்தப் பையன்கிட்டக் கேட்டாங்களா?"

"எட்டு வயசுப் பையன்கிட்ட என்னடி கேக்கறது?"ன்னு பின்னால இருந்து ஒருத்தி. "அவங்க அப்பாகிட்டக் கேட்டிருப்பாங்க."

"அவங்கப்பா டாக்டர் ஊட்டுத் தோட்டத்துல வேலை செய்யறவர்தான? அவர் எப்படி முடியாதும்பார்? ஞாயித்துக்கிழமை ஷிப்டுக்கு வான்னா எங்கப்பா முடியாதுன்னா சொல்றார்?"ன்னா புவனா.

அப்பா, என்னால அடுத்த வரிக்குப் போகவே முடியலை. இத்தனை நாள் எழுதி, திருத்தி, மறுபடி எழுதின எனக்கு இது தோணவே இல்லையே! பனியன் கம்பெனிச் சங்கு சத்தத்துல வளர்ற புள்ளைக்கு, சம்பளம் குடுக்கறவர் கேக்கறது கேள்வியே இல்லைன்னு ஒரே நொடியில புரிஞ்சு போச்சு.

அவ பேசும்போது கையை ஆட்டினாளா, அப்பத்தான் பாத்தேன். அவ விரல் நுனியெல்லாம் வயலட். செகப்பு கலந்த வயலட். மார்க்கர் மை அப்படி இருக்காது, அது நீலம் அடிக்கும். இந்த ஊர்ல கண்ணு தெரிஞ்ச எல்லாருக்கும் ஷேடு தெரியும்பா. அந்த வாரம் எங்க வீதிச் சாக்கடையே அந்த ஷேடுலதான் ஓடுச்சு, ஏதோ ஒரு ஏத்துமதி லாட்டு. முந்தின நாள் குழந்தை விரல்ல இருந்ததும் அதேதான். கோடு இல்லை, விரலே தோய்ஞ்சிருந்தது, உள்ளங்கை ரேகை வரைக்கும் எறங்கியிருந்தது. பாத்தும் பாக்காம வந்திருக்கோம். அக்காக்காரி புவனா குழந்தையோட கையைப் பிடிச்சிருக்கா, அம்மா சாயத்தைத் தொட்டு வெச்சிருக்கா. நான் பாக்கறதைப் பாத்த புவனா கையை டெஸ்க்குக்குக் கீழ மறைச்சுக்கிட்டா.

நேரா நர்ஸக்காகிட்டப் போனேன். ஊட்டைச் சொல்லலை, இப்படி ஒரு ஊடு இருக்குதுன்னு மட்டும் சொன்னேன். அவங்க கெட்டவங்க இல்லைப்பா. வெயில்ல நடந்து நடந்து குதிகால் வெடிச்சுப் போனவங்க. "எந்த ஊடுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். நாலு பேரா வந்து வாயைப் பிடிச்சு ரெண்டு சொட்டு உட்டுட்டுப் போயிடறோம். அழுதா அழுதுட்டுப் போவுது. காலு நல்லாருக்குமில்லீங்க?"ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வார்த்தை மட்டும்தான் அவங்களோடது, குரல் உங்களோடது.

ஊத்துக்குளி போற பஸ்ல ஒரு ஊர் வந்தா நீங்க மட்டும் எந்திரிச்சு எதிர்ப்பக்க சீட்டுக்கு மாறுவீங்க. வெயில் அடிக்குதும்பீங்க. வெயில் இல்லாத நாள்லயும் மாறினீங்க. நான் நச்சரிச்சதுல ஒரே ஒரு தடவை சொன்னீங்க. அந்த ஊர்ல பெரியம்மை வந்திருந்த நேரம். ஒரு பொம்பளை கைக்குழந்தையோட மாட்டுக் கொட்டாய்ல ஒளிஞ்சிருந்தா. ரெண்டு ஆம்பளைங்களை உட்டு அவளைப் பிடிக்கச் சொல்லி, அவளுக்கும் குழந்தைக்கும் குத்திட்டீங்க. அழுவான்னு நினைச்சீங்க. அவ அழலை.

"'கேட்டிருந்தா நானே கையை நீட்டியிருப்பேனுங்களே'ன்னு அவ சொன்னா, அம்மிணி. அன்னைக்கு எனக்குக் கேக்கத் தோணலை. அடுத்த வீதியில பொணம் கெடந்துது."

இதைச் சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. அந்த ஊட்டுக் குழந்தை பொழைச்சுதுன்னு மட்டும் எறங்கும்போது சொன்னீங்க. அவ்வளவு பெரிய கொள்ளை நோயை ஒழிச்சவங்கள்ல ஒருத்தர் என்ற அப்பா. ஒரு பொம்பளையோட ரெண்டு கையையும் பிடிக்கச் சொன்னவரும் என்ற அப்பாதான். இதுல எதை நான் எடுத்துக்கறது, எதை உடறது? சொல்லுங்க பாக்கலாம்!

நர்ஸக்காகிட்ட, "ஒரு நாள் குடுங்க, நான் கேட்டுட்டு வர்றேன்"னு சொல்லிட்டுப் பாண்டியம்மா ஊட்டுக்கு நடந்தேன். போற வழியெல்லாம் என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள ஒப்பிச்சுக்கிட்டே போனேன். அவளைப் பாத்ததும் எல்லாம் மறந்து போச்சு.

"தெரிஞ்சு போச்சா டீச்சர்?"ன்னா. என்ற கண்ணு குழந்தை விரல்லயே இருந்தது போல.

"ஆமா."

"நீங்க என்ன சொல்லுவீகன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் அதைத்தான் சொல்றாக." அப்புறம் குழந்தையை மடியில போட்டுக்கிட்டு அவளே சொன்னா. "இவனுக்கு மேல ஒருத்தன் இருந்தான் டீச்சர். ஊர்ல சொட்டு போட்டாக. மறுவாரமே காய்ச்ச. தூக்கிட்டு ஓடுனோம், போயிட்டான். யாருகிட்டச் சொன்னாலும் நான் வாயைத் தொறக்கு முன்னாடியே அதனால இல்ல, அதனால இல்லங்கறாக. அதனால இல்லன்னா வேற எதனால? அதை ஒருத்தரும் சொல்லல. என்னாச்சுன்னு கேக்கக்கூட இல்ல."

எனக்கும் நாக்கு நுனியில அதேதான் நின்னுச்சுப்பா. 'அதனால இருக்காது பாண்டியம்மா'ன்னு வந்ததை முழுங்கிட்டேன்.

"பையன் பேர் என்ன?"ன்னு கேட்டேன்.

அவ என்னைப் பாத்தா. பேரைச் சொன்னா. அப்புறம் அவன் எப்படி நடப்பான், நாய்க்குட்டியை என்னன்னு கூப்பிடுவான், புவனா முதுகுல ஏறிக்கிட்டு எறங்கவே மாட்டான், எல்லாம் சொன்னா. அழுதா. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்குது? அந்தப் பேரை வாய் உட்டுச் சொல்லி வருசம் ஆச்சுன்னா.

கண்ணைத் தொடைச்சுட்டுக் கேட்டா: "சரி டீச்சர். இவனுக்குப் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு புவனா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. போடறேன்."

இதுக்கு நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? எனக்குத் தெரியும். டக்குன்னு சத்தியம் பண்ணியிருப்பீங்க. குழந்தை காலுக்கு முன்னால ஒரு பொய் என்ன பெருசும்பீங்க. என்ற கையும் தூக்கத்தான் பாத்துது. புவனா அங்கதான் பாத்திரம் கழுவிக்கிட்டு, கழுவாமலே என்னைப் பாத்துக்கிட்டு இருந்தா. காலையிலதான் என்னைக் கேள்வி கேட்டவ.

"சத்தியம் பண்ண மாட்டேன் பாண்டியம்மா. தெரிஞ்சதைச் சொல்றேன். பல லட்சம் குழந்தைங்கள்ல ஏதோ ஒண்ணுக்கு இந்தச் சொட்டே காலை இழுத்துடலாம். அது நெசம். சொட்டு போடாத ஊர்ல அந்த நோய் வந்தா எத்தனை கால் போகும்னும் நீ பாத்திருப்பே. என்ற புள்ளைக்கு நான் போட்டேன், பயந்துக்கிட்டேதான் போட்டேன். உன்ற மூத்தவனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. சொட்டுனால இருக்காதுன்னுதான் நினைக்கறேன். ஆனா நான் அங்க இல்லை, நான் டாக்டரும் இல்லை. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேந்து போய்க் கேக்கலாம்."

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே, உங்க கதையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். மாட்டுக் கொட்டாய், ரெண்டு ஆம்பளைங்க, கேட்டிருந்தா நீட்டியிருப்பேன்னு அந்தம்மா சொன்னது, எல்லாம்.

"அந்தப் புள்ள பொழைச்சுச்சா?"

"பொழைச்சது."

"அப்ப உங்க அய்யா செஞ்சது தப்புன்னும் சொல்ல முடியாது." கொஞ்ச நேரம் குழந்தை விரலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. "ஆனா அந்தம்மாட்ட யாராச்சும் திரும்பிப் போயிப் பேசுனாகளா டீச்சர்?"

"இல்லை"ன்னேன்.

"ம்" அப்படின்னா. அவ்வளவுதான். யோசிச்சுச் சொல்றேன்னு என்னை அனுப்பி வெச்சுட்டா.

அன்னைக்கு நான் பட்ட பாடு இருக்கே! எதுக்குடி உனக்கு இந்த அரிச்சந்திர வேஷம்னு என்னையே திட்டிக்கிட்டேன். அவ முடியாதுன்னா என்ன பண்ணுவேன்? நர்ஸக்காவைக் கூட்டிட்டுப் போய் ஊட்டைக் காட்டிக் குடுப்பேனா? இல்லை, கேட்டாச்சு, மாட்டேன்னுட்டா, நம்ம கை சுத்தம்னு உக்காந்துக்குவேனா? அந்தக் குழந்தை நாளைக்குக் காலை இழுத்துக்கிட்டு நடந்தா, என்ற நேர்மை அதுக்கு ஊன்றுகோலா வருமா? அவ கேள்வி மட்டும் பெருசு, அவ மடியில இருக்கறவனோட காலு சின்னதா? கேட்டா எல்லாரும் சரின்னுடுவாங்கன்னு புள்ளைங்க புத்தகத்துல பொய் எழுத மாட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூட கேட்டுல நர்ஸக்கா ஐஸ்பெட்டியோட நின்னுட்டிருந்தாங்க. பெல் அடிக்கற நேரம். பாண்டியம்மா குழந்தையைத் தூக்கிக்கிட்டு வந்தா, புவனா கூடவே. குழந்தையோட சுண்டுவிரலை எண்ணெயும் அரப்பும் போட்டுத் தேய்ச்சிருக்கா, செவந்து கெடந்துது. நகக்கண்ணுல மட்டும் அந்தச் சாயம் போகலை. அவளே வாயைத் தொறந்து காட்டினா, ரெண்டு சொட்டு உழுந்துது, அவன் மூஞ்சியைச் சுளிச்சான். நர்ஸக்கா மிச்சச் சாயத்து மேலயே மையில ஒரு கோடு இழுத்தாங்க. ரெண்டு வயலட்டும் பக்கத்துல பக்கத்துல நின்னுது.

"ஞாயித்துக்கிழமை எதுக்கும்மா ஏமாத்தினே?"ன்னு நர்ஸக்கா அதட்டினாங்க.

"இவுக கேட்டாக. நான் குடுத்தேன்"னா பாண்டியம்மா. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா.

கேட்டிருந்தா நானே கையை நீட்டியிருப்பேனுங்களே. மாட்டுக் கொட்டாய் அம்மாவோட அந்த வார்த்தை பள்ளிக்கூட வாசல்ல எனக்கு மறுபடி கேட்டுதுப்பா. நீங்க கேக்கணும்னுதான் இதை எழுதறேன். குழந்தைக்கு ஒரு வாரமா ஒண்ணும் இல்லை, நான் தெனமும் போய்ப் பாத்துட்டு வர்றேன். நர்ஸக்கா, பாண்டியம்மா, நான், மூணு பேரும் டாக்டரைப் பாக்கப் போறோம், மூத்தவனைப் பத்திக் கேக்கறதுக்கு.

புத்தகம் போடற அண்ணன் எல்லாத்தையும் படிச்சுட்டார். "அருமையா வந்திருக்குதுங்க டீச்சர். அந்தத் தோட்டக்காரர் பையன், கப்பல் பையன்க, உங்கப்பா சமாச்சாரம், இதுகளை மட்டும் எடுத்துடலாங்க. புள்ளைங்க பயந்துக்கும்"ங்கறார். புள்ளைங்க பயப்படலீங்க, கேள்விதான் கேக்குதுங்கன்னு சொன்னேன். அந்தப் பையன்கள் ரெண்டு கதையும் இருக்கும். புவனாவோட கேள்வியும் இருக்கும், அவகிட்டக் கேட்டுட்டேன், பேரையும் சேத்துப் போடச் சொன்னா. அதுக்கு அந்தண்ணன் சம்மதிக்கலைன்னா வேற ஆளைப் பாத்துக்கலாம்.

உங்க கதைதான் பாக்கி. அதுல நீங்க மட்டும் இல்லையே. அந்தம்மா இன்னும் இருக்காங்கன்னு விசாரிச்சுட்டேன். மாடு வெச்சுப் பால் ஊத்திக்கிட்டு அதே ஊர்லதான் இருக்காங்களாம். அதனாலதான் இந்தக் கடுதாசியிலகூட ஊர் பேரையும் அவங்க பேரையும் நான் எழுதலை.

வர்ற ஞாயித்துக்கிழமை ஊத்துக்குளி பஸ் ஏறறேன்பா. அந்த ஊர் தெரியற பக்கமாவே உக்காந்துக்குவேன், வெயில் அடிச்சாலும் மாற மாட்டேன். எறங்கிப் போய், நான் இன்னாரோட பொண்ணுன்னு சொல்லுவேன். கதவைச் சாத்தினா வாசல்ல நிப்பேன். உங்க சார்பா மன்னிப்புக் கேக்கறேன். அப்புறம், இதை எழுதலாமுங்களான்னு கேக்கறேன். வேண்டாம்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடுவேன். பாயசம் வெச்ச அன்னைக்கு நீங்க சிரிச்ச சிரிப்பும் அந்தப் பக்கத்துலதான் இருக்குது. அதுவும் சேந்து போகும். போகட்டும்னுதான் முடிவு பண்ணியிருக்கேன். இது சத்தியம். இந்தச் சத்தியத்தை மட்டும் என்னால பண்ண முடியும்.

உங்களை ஒரு வார்த்தை கேக்காமலே இத்தனையும் ஊருக்குச் சொல்லிப்புட்ட,
உங்க மூத்த மக
அம்மிணி